நான்காம் மேசையின் வெளிமூலை

ஆகஸ்ட் 9, ஞாயிறு. இன்றைய பிழை: படையைத் திருப்பும்போது வெளிமூலையை அளக்காமல் முன்வரிசையின் நடுவை அளந்துவிட்டேன். அதனால் இரண்டு அங்குலம் அதிகமாகப் போய்விட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. (வேண்டுமென்றே செய்திருப்பேனோ என்று இரண்டு முறை யோசித்துப் பார்த்தேன். இல்லை.) அதைவிடப் பெரிய பிழை, அதை வாய்விட்டுச் சொன்னது.

மாலை வகுப்பில் கணக்குப்பதிவு சொல்லித்தரும் ஆசிரியை, அன்றன்று செய்த பிழை ஒன்றையும் மறுநாள் செய்ய வேண்டிய வேலையையும் தினமும் எழுதச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் ஒரு வாரம் எழுதிவிட்டு விட்டுவிட்டார்கள். தம்பி மட்டும் விடவில்லை. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டத்துக்குத் திருகாணி முடுக்கும் வேலை அவனுக்கு. முடுக்கிய பிறகும் சரியாக முடுக்கினோமா என்று வாடிக்கையாளரைத் தெருமுனைவரை தொடர்ந்து போய்க் கேட்டுவிட்டு வரும் பிறவி. அண்ணன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஊரே அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டது.

பிழை நடந்த இடம், அச்சகத்து மாடியில் இருந்த சிற்றுருப் போர்ச் சங்கம். நீளமான கூடம், நடுவில் ஒரு தூண், பச்சைத் துணி விரித்த ஏழு மேசைகள். சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத ஈயப் பொம்மை வீரர்களைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போர் செய்வதுதான் அங்கே விளையாட்டு. அதாவது, செய்வதாக ஏற்பாடு. ஏழு மேசைகளில் ஆறைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டி, ‘விசாரணையில் உள்ளது, தொடாதீர்’ என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டாம் மேசையின் விசாரணை நீண்டுகொண்டே போனதில் வீரர்கள்மேல் தூசி படிந்துவிட்டது. அந்தத் தூசியைப் பனியாகக் கருதலாமா என்று தனியாக ஒரு விசாரணை கிளம்பியது. பனிதான் என்று முடிவானது. பனியில் நகர்வு பாதி என்பதால் பழைய அளவுகள் எதுவும் செல்லாது என்றாகி, முதலிலிருந்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். துடைத்துவிடலாமே என்று கேட்ட உறுப்பினர் இப்போது சங்கத்துக்கு வருவதில்லை.

விளையாட்டின் விதிப் புத்தகம் மெல்லியது. சட்டைப் பையில் மடித்து வைக்கலாம். அதற்குச் சங்கத்தின் ‘நகர்வு மற்றும் திருப்ப விளக்கக் குழு’ எழுதிய விளக்கங்கள்தான் சுவரை அடைத்து நின்ற இரண்டு இரும்பு அலமாரிகளில் இருந்தன. மூன்றாவது அலமாரிக்குச் சொல்லியிருந்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் அண்ணனும் தம்பியும் ஆடப் போனதற்குக் காரணம், ஊரில் வேறு இடத்தில் பெரிய மேசை இல்லை என்பதுதான். அண்ணன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். கடல் தாண்டி வேறொரு துறைமுகத்தில் வேலை கிடைத்து, அடுத்த திங்கள் விடிகாலை விமானம். போனால் மூன்று வருஷம்.

இருவரும் சிறுவயதில் சட்டைப் பொத்தான்களை வைத்துப் போர் ஆடியவர்கள். ஒரு ஆட்டமும் முடிந்ததில்லை. சாப்பிடக் கூப்பிடுவார்கள், மழை வரும், விருந்தாளி வருவார். பெரியவர்களானதும் அண்ணனுக்கு வேலை, பிறகு கல்யாணம். தம்பி தோற்கப்போகும் சமயம் பார்த்துத்தான் ஏதாவது வந்து நிற்கும். அது தானாக வந்ததா, தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணன் வரவழைத்ததா என்பது தம்பிக்கு நெடுநாள் சந்தேகம்.

“போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆட்டம்டா” என்றான் அண்ணன். “முழுசா. யாராவது ஒருத்தன் தோத்தே ஆகணும்.”

அதற்காகவே இரண்டு வருஷமாகப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி வைத்திருந்தான். ஒவ்வொரு குதிரைக்கும் ஒவ்வொரு நிறத்தில் வால்.

ஞாயிற்றுக்கிழமை, மிச்சமிருந்த நான்காம் மேசையில் ஆட்டம் நன்றாகத்தான் போனது. தம்பியின் ஈட்டிக்காரர்கள் ஒரு தட்டில் அணிவகுத்து நின்றார்கள். அவர்களை இடப்பக்கம் திருப்ப வேண்டும். படை திரும்புவது கதவு திறப்பதுபோல. கீல் இருக்கும் மூலை நின்ற இடத்தில் நிற்கும், எதிர்மூலை வளைந்து போகும். அந்த வெளிமூலை எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவையும் படையின் எட்டு அங்குலத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். மீதியில்தான் நேராக நடக்கலாம். தம்பி வெளிமூலையை விட்டுவிட்டு நடுவை அளந்தான். நடு இரண்டு அங்குலம் போனது. மீதி ஆறு என்று நடத்தினான். ஈட்டிக்காரர்கள் நேராகப் போய் அண்ணனின் குதிரைப்படையின் விலாவில் இடித்து நின்றார்கள். வாழ்நாளில் முதல்முறையாகத் தம்பி ஜெயிக்கிற நிலைமை. அப்போதுதான் அவனுக்கு வழக்கமான சந்தேகம் வந்தது. திரும்ப அளந்தான்.

“அண்ணா, தப்பா அளந்துட்டேன். வெளிமூலை நாலு போயிருக்கு. ரெண்டு அங்குலம் கூட.”

“போனாப் போகுது. ரெண்டு அங்குலம் பின்னால இழு. ஆட்டத்தப் பாப்போம்.”

தம்பி தட்டைத் தொட்டான்.

“கை வைக்காதீங்க!”

பக்கத்து மேசை விசாரணையில் இருந்த தையற்காரர் எழுந்து நின்றார். கழுத்தில் நாடா. சங்கத்தின் அளவைப் பொறுப்பாளர் அவர். அவர் அளந்தால்தான் அளவு. மற்றவர்கள் அளப்பது ஒரு அபிப்பிராயம், அவ்வளவுதான். காபி ஆறும் நேரத்துக்குள் நான்காம் மேசையைச் சுற்றியும் சிவப்பு நூல் ஏறிவிட்டது.

“ஏன்டா வாயத் தொறந்த?” என்றான் அண்ணன், மாடிப்படி இறங்கும்போது.

“தப்பு பண்ணினா சொல்லணும்ல?”

“எங்கிட்ட சொல்லுடா. ஏன் ஊருக்கே கேக்கற மாதிரி சொல்ற?”

வீட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அண்ணி கேட்டுவிட்டு, மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள்.

“ரெண்டு அங்குலத்துக்கு விசாரணையா? நல்லா இருக்கு. ஏன் கொழுந்தனாரே, பொம்மையெல்லாம் தூக்கிட்டு வந்து இங்க தரையில போட்டு ஆட வேண்டியதுதானே?”

“எடுக்க முடியாது அண்ணி. விசாரணை முடியற வரைக்கும் மேசைமேல இருக்கற பொம்மைங்க மேசையோட சொத்தாம். எடுத்தா ரெண்டு பேரையும் சங்கத்த விட்டே தூக்கிடுவாங்க. பொம்மையும் திரும்பி வராது.”

“சொத்து வேறயா மேசைக்கு!” என்று அண்ணி சட்டையைப் பெட்டியில் போட்டாள். “நமக்கே இல்ல.”

புதன்கிழமை மாலை முதல் விசாரணை. குழுவின் தலைவர் மெத்தைக்கடை வைத்திருப்பவர். எதையும் அமுக்கிப் பார்த்துத்தான் பேசுவார். செயலாளர் பல் மருத்துவர். எதிரில் உட்கார்ந்தவர்கள் தாமாகவே வாயை அகலத் திறப்பார்கள். அவர்களுக்கு இடப்பக்கம் தையற்காரர், நாடாவோடு.

“திருப்பின கை எது?” என்று செயலாளர் கேட்டார்.

“வலது கை சார்.”

“அளந்த கை?”

“அதுவும் வலதுதான் சார். முதல்ல அளந்தேன், அப்புறம் திருப்பினேன். இல்ல, கொஞ்சம் திருப்பிட்டு அளந்தேனோ...”

“‘அளந்தேனோ’. அப்படியே எழுதிக்கிறேன்.” எழுதிக்கொண்டார்.

“சார், நான்தான் தப்புன்னு ஒத்துக்கறேனே. ரெண்டு அங்குலம் பின்னால இழுத்தா சரியாயிடும்” என்றான் தம்பி.

தலைவர் நாற்காலியின் கைப்பிடியை அமுக்கிப் பார்த்தார்.

“தம்பி, தப்புன்னு நீங்க சொல்லிட முடியாது. அத நாங்க சொல்லணும். நீங்க வெளிமூலை நாலு அங்குலம் போச்சுங்கறீங்க. எப்படிப் போச்சு? வளைஞ்சு போச்சு. வளைஞ்ச பாதைய அளக்கறதா, கிளம்பின இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் நேரா அளக்கறதா? ரெண்டும் ஒண்ணில்ல.”

கூடத்தில் சட்டென்று ஒரு குளிர்ச்சி பரவியது. சங்கத்தின் ஆழமான காயத்தைத் தலைவர் தொட்டுவிட்டார். வளைவைக் கயிறு போட்டு அளக்க வேண்டும் என்பவர்கள் கயிற்றுக் கட்சி. குச்சி வைத்து நேராக அளந்தால் போதும் என்பவர்கள் குச்சிக் கட்சி. இரண்டு கட்சிக்கும் தனித்தனிக் கெண்டியில் தேநீர் வரும். கயிற்றுக் கட்சிக்காரர் ஒருவரின் பெண்ணைக் குச்சிக் கட்சிக்காரர் மகனுக்குப் பேசி, மாப்பிள்ளை வீட்டார் எந்தப் பக்கமாக மண்டபத்துக்குள் திரும்புவது என்பதில் சம்பந்தம் நின்றுபோனதாகக் கேள்வி.

“எப்படி அளந்தாலும் எனக்குப் பரவாயில்ல சார்” என்றான் தம்பி.

இரண்டு கட்சியும் ஒன்றாகத் திரும்பி அவனைப் பார்த்தன. அவர்கள் ஒன்றாகச் செய்த காரியம் அநேகமாக அது ஒன்றுதான்.

அண்ணன் எழுந்தான். “சார், திங்கக்கிழமை எனக்கு ஃபிளைட். அதுக்குள்ள முடிஞ்சிடுமா?”

“அவசரப்படக் கூடாது” என்றார் தலைவர், மிக அன்போடு. “ஆட்டம்ங்கறது சின்ன விஷயம். ஒரு நாள்ல முடிஞ்சிடும். விளக்கம் நிலைச்சு நிக்கும். பெருமையாச் சொல்றேன், நான் தலைவரா வந்ததுலேர்ந்து இந்தச் சங்கத்துல தப்பான வெற்றின்னு ஒண்ணுகூட நடந்ததில்ல.”

“சரியான வெற்றி?”

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தாளைப் புரட்டினார்.

“வெற்றியே நடக்கல” என்றார் செயலாளர். “அதனால புகாரும் இல்ல.”

வெள்ளிக்கிழமை கயிற்றைப் போட்டு அளந்தார்கள். இழுத்துப் பிடித்தால் ஒரு அளவு, தளர விட்டால் ஒரு அளவு வந்தது. அதனால் கயிற்றைப் பற்றி ஒரு துணைக்குழு. குச்சிக் கட்சி சிரித்தது. குச்சியை வைத்தபோது அது லேசாக வளைந்திருப்பதைக் கயிற்றுக் கட்சி கண்டுபிடித்தது. வளைந்த குச்சி கயிறுதானே என்று ஒருவர் கேட்க, இரண்டு கெண்டித் தேநீரும் ஆறிப்போகும்வரை வாதம் நடந்தது. அண்ணன் நூலுக்கு இந்தப்பக்கம் நின்று தன் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் பக்கத்து நீலவால் குதிரைமேல் மெலிசாகத் தூசி இறங்கியிருந்தது.

“பனி விழ ஆரம்பிச்சிடுச்சுடா” என்றான்.

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. தான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஆட்டம் ஞாயிறே முடிந்திருக்கும். அந்த இரண்டு அங்குலத்தை அண்ணன் கவனித்திருக்கக்கூட மாட்டான். அப்படி ஜெயித்திருந்தால் தூக்கம் வந்திருக்குமா? வந்திருக்காது. இப்போதும் வரவில்லை. எப்படியும் தூங்காமல் இருப்பதற்கு எது மேல் என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஞாயிறு மாலை, விமானத்துக்கு முந்தின நாள், தலைவர் ஒரு முடிவோடு வந்தார்.

“பொம்மைய வெச்சு அளக்கறதாலதான் இவ்வளவு சிக்கல். மனுஷங்கள வெச்சு அளப்போம். குழுவே படையா நிக்கும். குழுவே திரும்பும். வெளிமூலையில நிக்கிறவர் எப்படிப் போறாரோ அதுதான் விதி.”

இரண்டு கட்சியும் கைதட்டின. பன்னிரண்டு பேர் எழுந்தார்கள். முன்வரிசையில் நான்கு, பின்னால் நான்கு, அதற்கும் பின்னால் நான்கு. இடப்பக்க முன்மூலை, அதாவது நகராமல் நிற்கும் மூலை, தலைவருக்கு.

“பொறுப்புல இருக்கறவன் நகரக் கூடாது” என்று அவர் விளக்கினார். “சுத்தி இருக்கறவங்க நகரணும். நான் கடைலயும் அப்படித்தான்.”

வெளிமூலை தையற்காரருக்கு வந்தது. அவருக்கு முழங்கால் வலி. ஆனாலும் அளவைப் பொறுப்பாளர் என்ற முறையில் மறுக்க முடியவில்லை. நடுவில் செயலாளர். அண்ணனையும் தம்பியையும் சாட்சிகளாகத் தூணோரம் நிறுத்தினார்கள்.

“இடப்பக்கம், திரும்பு!”

தலைவர் நின்ற இடத்திலேயே கம்பீரமாகக் காலை மாற்றி மாற்றி வைத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அடி எடுத்து வைத்தார். செயலாளர் நடந்தார். தையற்காரர் ஓடினார். உள்ளே இருந்தவர்கள் மெதுவாகத் திரும்ப, வெளியே இருந்தவர்கள் பின்தங்க, முன்வரிசை வாழைப்பழம்போல வளைந்தது. “வளையாதீங்க!” என்றது குச்சிக் கட்சி. “வளைஞ்சாத்தான் சரி!” என்றது கயிற்றுக் கட்சி. வளைவை நேராக்கத் தையற்காரர் இன்னும் வேகமாக ஓடினார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நேராகப் போய் நான்காம் மேசையில் மோதினார். பின்னால் வந்த இருவர் அவர்மேல் மோதினார்கள். சிவப்பு நூல் அறுந்தது. மேசை ஒருபக்கம் சாய, இரண்டு படைகளும், குன்றும், அட்டைக் காடும் சலசலவென்று தரையில் கொட்டின.



“யாரும் அசையாதீங்க!” என்றார் தலைவர். “அப்படியே நில்லுங்க. அளக்கணும்.”

எல்லோரும் அப்படியே நின்றார்கள். தையற்காரர் ஒரு கையை மேசையில் ஊன்றி நின்றார்.

“அளங்க” என்றார் தலைவர்.

“நான் வெளிமூலை” என்றார் தையற்காரர். “நான் நகர்ந்தா மூலை நகர்ந்துடும்.”

“அப்ப நாடாவ வேற யாருகிட்டயாவது குடுங்க.”

“அளவைப் பொறுப்பாளர் தவிர வேற யாரும் அளந்தா செல்லாது” என்றார் செயலாளர், வரிசை நடுவிலிருந்து, தலையைத் திருப்பாமல். “நம்ம விளக்கம்தான். முதல் அலமாரி, மேல் தட்டு.”

தலைவர் யோசித்தார். அமுக்கிப் பார்க்கக் கைக்கெட்டிய தூரத்தில் எதுவும் இல்லை. அளப்பதற்குத் தையற்காரர் வரிசையை விட்டு வர வேண்டும். வந்தால் அளக்க வரிசை இருக்காது.

“சரி” என்றார். “கொஞ்சம் நிப்போம்.”

அண்ணன் தூணோரத்திலிருந்து நகர்ந்து வந்து தரையில் குத்துக்காலிட்டான். நீலவால் குதிரையை எடுத்து ஊதினான்.

“செயலாளர் சார், ஒரு சந்தேகம். விசாரணையில மேசைமேல இருக்கற பொம்மைதானே மேசையோட சொத்து?”

“ஆமா. ‘மேசைமேல்’. அப்படித்தான் எழுதியிருக்கோம்.”

“இது தரையில இருக்கு.”

செயலாளர் நீண்ட நேரம் எதிர்ச்சுவரைப் பார்த்தார். சொத்தைப் பல்லை முதலில் கண்டுபிடித்த மனிதர்போல அவர் முகத்தில் மெல்ல ஒரு ஒளி வந்தது. “தரையைப் பத்தி நாம இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல” என்றார்.

அண்ணன் தம்பியைப் பார்த்தான். “உக்காருடா.”

“யார் எங்க இருந்தாங்கன்னு எப்படி...”

“ஒரு வாரமாக் கண்ண மூடினா இதுதான்டா தெரியுது. உக்காரு.”

மொசைக் தரையில் குன்றை நிறுத்தினார்கள். காட்டை நட்டார்கள். குதிரைகள் வரிசைக்கு வந்தன. கடைசியாக அண்ணன் ஈட்டிக்காரர்களின் தட்டை எடுத்து, குதிரைகளின் விலாவை ஒட்டி வைத்து, நாடாவை நீட்டி, இரண்டு அங்குலம் பின்னால் இழுத்தான். அதற்கு நேரமே ஆகவில்லை.

ஆட்டம் தொடங்கியது. குதிரைகள் ஈட்டிமேல் பாய்ந்து, பகடை உருண்டு, ஈட்டிக்காரர்கள் விலகாமல் நின்றபோது, பின்வரிசையில் யாரோ “அட!” என்றார்கள்.

“குழு உறுப்பினர்கள் கருத்துச் சொல்லக் கூடாது” என்றார் தலைவர்.

கொஞ்ச நேரம் போனது. அண்ணன் மீதியிருந்த குதிரைகளைக் குன்றைச் சுற்றி, தம்பியின் வில்லாளிகளுக்குப் பின்னால் அனுப்பினான்.

“வில்லாளிய வலப்பக்கம் திருப்புப்பா!” என்று தையற்காரர் மேசையில் ஊன்றிய கையை எடுக்காமல் கத்தினார். “பின்னால வராங்க பாரு!”

“ஐயா, கருத்து...”

“கருத்தில்ல தலைவரே, பதட்டம்!”

தம்பி வில்லாளிகளின் தட்டில் கை வைத்தான். திருப்ப வேண்டும். நாடாவை எடுத்தான். வெளிமூலையில் வைத்தான். தலை உயர்த்திப் பார்த்தால் பன்னிரண்டு பேரும் குனிந்து அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக் கட்சியின் உதடுகள் வளைவு என்று அசைந்தன. குச்சிக் கட்சியின் உதடுகள் நேர் என்று அசைந்தன.

“கண்ணால பாத்துத் திருப்புடா” என்றான் அண்ணன்.

“தப்பா இருந்தா?”

“தப்பா இருந்தா நான் சொல்றேன். எனக்கு வாய் இல்லியா?”

தம்பி நாடாவைக் கீழே வைத்தான். கதவைத் திறப்பதுபோலத் தட்டைத் திருப்பினான். அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

“சரியாத்தான் இருக்கு.”

பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

அப்புறம் நடந்தது எல்லாமே வேகம். அம்புகள் போயின, இரண்டு குதிரைகள் சாய்ந்தன. “குதிரைய விடாத, குதிரைய!” என்று கத்தியது யாரென்று பார்த்தால் தலைவர். மிஞ்சிய குதிரைகள் வந்து விழுந்தன. தம்பி உருட்டிய பகடையில் ஒன்று வந்தது. அண்ணன் உருட்டியதில் ஐந்து. வில்லாளிகள் உடைந்து ஓட, பக்கத்தில் நின்ற ஈட்டிக்காரர்களும் அவர்களோடு ஓட, தரையில் தம்பிக்கென்று நிற்க ஒரு ஆள் இல்லை.

யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. மழை வரவில்லை. அண்ணன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமாக இந்த இடத்தில்தான் அவனுக்கு ஏதாவது அவசர வேலை ஞாபகம் வரும்.

“தோத்துட்டடா” என்றான் அண்ணன், மெதுவாக.

“ஆமா” என்றான் தம்பி. சொன்ன பிறகுதான் தான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. “நல்லாவே தோத்துட்டேன்.”

வரிசை கைதட்டியது. காலை நகர்த்தாமல், இடுப்புக்கு மேலே மட்டும் ஆடி ஆடிக் கைதட்டியது. தையற்காரர் ஒரு கையால் தொடையைத் தட்டினார்.

“முடிஞ்சிடுச்சா?” என்றார் தலைவர். அவர் குரலில் கூச்சம் இருந்தது. “முடியும்போது இப்படித்தான் இருக்குமா? நான் பாத்ததேயில்ல.”

அண்ணனும் தம்பியும் பொம்மைகளைத் துடைத்துப் பஞ்சு வைத்த பெட்டியில் அடுக்கினார்கள். சாய்ந்த மேசையை, தையற்காரரின் கைக்கு அடியிலேயே, அவர் அசையாதபடி நிமிர்த்தினார்கள்.

“நாங்க கிளம்பறோம் சார். நீங்க?”

“இன்னும் அளக்கலியே” என்றார் தலைவர். “கதவ லேசா சாத்திட்டுப் போங்க. லைட்டு மட்டும் இருக்கட்டும்.”

ஆகஸ்ட் 16, ஞாயிறு. இன்றைய பிழை: வில்லாளிகளை ஒரு சுற்று முன்னாலேயே திருப்பியிருக்க வேண்டும். நாளைய வேலை: விடிகாலையில் அண்ணனின் பெட்டிகளை வண்டியில் ஏற்றுவது. கடைக்கு அரைநாள் விடுப்பு சொல்வது. மாலை வகுப்புக்கு முன்னால் சங்கத்துக்குப் போய், நிற்கிறவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுப்பது, இரண்டு கெண்டியில்.